கார்த்திகேசு நடுவரான விதம்

பால்காரரின் மணிக்கு எட்டு மார்க். "லயம் நல்லாயிருக்கு. எடுப்புத்தான் கொஞ்சம் அவசரம்," என்று கன்னத்தில் சோப்பு நுரையோடு கார்த்திகேசு தீர்ப்புச் சொல்கிறார். அடுத்து, தலையில் கூடையோடு ரொட்டிக்காரர் கூவிக்கொண்டு போகிறார். அவருக்கு ஆறு, கடைசி எழுத்தை நீட்டும்போது குரல் கீழே சரிந்துவிடுகிறது. ரயில் யார்டில் பெட்டிகளைக் கோக்கும் என்ஜின் ஒரு ஊதல் ஊதுகிறது. சுருதி சுத்தம், ராகபாவம் பூஜ்யம், ஆகவே ஐந்து. அடுக்களையில் மனைவி குணபூசணி தேங்காய் திருவும் சத்தத்துக்கு ஏழு என்று வாயெடுத்தவர், எட்டிப் பார்த்து அந்த அம்மாளின் முகத்தைப் படித்துவிட்டு, "ஏழரை எண்டு வைப்பம்," என்கிறார்.

அவருடைய விசித்திரமே இதுதான். காதில் விழுந்த எதற்கும் மார்க் போடாமல் இருக்க மாட்டார். போட்ட மார்க்கை இன்னொருவர் முகத்தைப் பார்க்காமல் உறுதிசெய்யவும் மாட்டார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அக்கம்பக்கத்தவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். குணபூசணிக்கு மட்டும் பழகவில்லை.

"இஞ்சாருங்கோ, மார்க் போட்டு முடிஞ்சுதெண்டால் தேத்தண்ணியைக் குடியுங்கோ. ஆறுது," என்பார்.

கார்த்திகேசு யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மீசை முளைத்த கையோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா. நெடிய, ஒல்லியான உடம்பு. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. வெயிலோ மழையோ கையில் குடை. ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான ஆபீஸ் பென்சில் ஒன்று சட்டைப்பையில் எப்போதும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். மரியாதையான மனிதர். யாருக்கும் கெடுதல் நினைத்தவரில்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் இனி வரப்போவதைப் படிக்கிறவர்களுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம்.

அவருக்குப் பாட வராது. வராது என்றால் சுத்தமாக வராது. கோயில் பஜனையில் அவர் வாயைத் திறந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பல வருஷமாக வாயை மட்டும் அசைத்து ஒப்பேற்றி வந்தார். ஆனால் காது இருக்கிறதே, அது வேறு சங்கதி. ஒரு கல்யாண வீட்டில், மழைச் சாரலில் தவில் தோல் தளர்ந்துவிட்டது என்பது தவில்காரருக்குத் தெரியும் முன்பே பந்திக்கு நடுவில் இருந்த இவருக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடப் பிடிக்காமல் எழுந்துவிட்டார். இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு அதனால் நாலு பேரிடம் ஒரு மதிப்பும் கிடைக்காமல் சரக்கு ரசீதுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டு காலம் போவது அவருக்கு உள்ளூர ஒரு வலிதான். அந்த வலிக்கு மருந்தாக அவர் கண்டுபிடித்ததுதான் நடுவர் பதவி.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாணவர் இசை விழா நடத்தும் சபை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தேவாரமும் கீர்த்தனையும் பாடுவார்கள். நடுவர்களுக்கு மேடைக்கு எதிரே மெத்தை வைத்த நாற்காலி, சட்டையில் குத்திக்கொள்ளச் சரிகை ஓரம் வைத்த பட்டுச் சின்னம். மற்றவர்களுக்குக் கண்ணாடித் தம்ளரில் தேநீர் என்றால் நடுவருக்குப் பீங்கான் கோப்பையில், தட்டோடு வரும். அதைவிட, பாட்டு முடிந்ததும் மண்டபம் முழுவதும் பாடிய பிள்ளையைப் பார்க்காது, நடுவர் முகத்தைத்தான் பார்க்கும். கார்த்திகேசுவைக் கவர்ந்தது இந்தக் கடைசி விஷயம்.

ஆனால் நினைத்தவரெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியாது. சபையின் காரியதரிசி ஜெயராஜ் மாஸ்டர் கண்டிப்பான பேர்வழி. விதிகளை அச்சடித்தே வைத்திருந்தார். நடுவராக விரும்புகிறவர், தகுதி பெற்ற நடுவர் ஒருவரின் பக்கத்தில் மூன்று விழாக்களில் உட்கார்ந்து, தனித் தாளில் தானும் நூற்றுக்கு மார்க் போட வேண்டும். அந்த மார்க் எந்தப் பிள்ளை விஷயத்திலும் பெரியவர் போட்டதற்கு ஐந்துக்கு மேல் விலகக் கூடாது. மூன்றில் இரண்டு விழாக்களில் இப்படி ஒத்துப்போனால் தேர்ச்சி. இல்லாவிட்டால் மறுபடி மனுப் போட முடியாது.

சிலாங்கூரில் அப்போது தகுதி பெற்ற நடுவர் என்று இருந்தவர் ஒரே ஒருவர்: காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ரெங்கசாமி. அவருக்குத் தகுதி கொடுத்தது யார் என்று எவரும் கேட்டதில்லை. கார்த்திகேசுவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரயில்வேயில் எல்லா ஸ்டேஷன் கடிகாரங்களையும் கோலாலம்பூர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திருத்துகிறார்கள். கோலாலம்பூர்க் கடிகாரத்தை யார் திருத்துவது என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. விதி அவருக்கு மிக நியாயமாகவே பட்டது.

முதல் விழா பிரிக்பீல்ட்ஸில் நடந்தது. கார்த்திகேசு காலையில் விரதமிருந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிப் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் பாட்டையும் காதாரக் கேட்டார். மிஷன் பள்ளியில் பரீட்சை எழுதிய பழக்கம் விடவில்லை: இடது முழங்கையைத் தாளைச் சுற்றி வேலிபோல வளைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடாதபடி எழுதினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து வரும்போதே இந்த முழங்கையும் வந்துவிடும். ரெங்கசாமி ஒன்றிரண்டு முறை தலையை நீட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. சோதிக்கிறார் என்று நினைத்து கார்த்திகேசு இன்னும் இறுக்கி மறைத்தார்.

இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஜெயராஜ் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இவர் எண்பது போட்ட பிள்ளைக்கு அவர் ஐம்பது. இவர் நாற்பது கொடுத்த பையனுக்கு அவர் எழுபது. ரெங்கசாமி வருத்தத்தோடு தலையை ஆட்டி, காதை இன்னும் பக்குவப்படுத்த வேண்டும் என்று அறிவுரை சொன்னார். கார்த்திகேசு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். தன் காதைப் பற்றி அப்படி ஒரு சொல் அவர் அதுவரை கேட்டதில்லை.

நாலைந்து நாள் கழித்துத்தான் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. விதி என்ன சொல்கிறது? நன்றாகக் கேள் என்று சொல்லவில்லையே. பெரியவரோடு ஒத்துப்போ என்றுதானே சொல்கிறது. அப்படியானால் கவனிக்க வேண்டியது மேடையை அல்ல, பெரியவரை. இந்த உண்மை உதித்ததும் அவருக்கு ஒரு தெம்பு வந்தது. எழுந்து குளித்துவிட்டு இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் கிள்ளானில் விழா. ரெங்கசாமியின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அது தோட்டத்தில் சம்பள நாளன்று வைத்துப் பழகிய முகம். கைகளும் மடியில் சும்மா கிடந்தன. ஆனால் மேசைக்கு அடியில், தோல் செருப்பில், வலது காலின் கட்டைவிரல் அசைவதைக் கார்த்திகேசு கண்டுபிடித்தார். சில பிள்ளைகள் பாடும்போது அது செத்ததுபோல் கிடந்தது. சிலருக்கு மெல்ல நிமிர்ந்தது. ஒரு பெண் பாடியபோது துள்ளித் துள்ளி எழும்பியது. ஆகா, பெரிய மனிதர்களின் ரசனை இப்படித்தான் எங்கோ ஒரு மூலையில் கசியும் என்று கார்த்திகேசு பூரித்துப்போனார். விரல் கிடந்தால் ஐம்பது, நிமிர்ந்தால் அறுபது, துள்ளினால் எழுபதுக்கு மேல் என்று தனக்குள் ஒரு கணக்கு வகுத்துக்கொண்டார். விரலைப் பார்க்க வேண்டுமானால் உடம்பை ஒரு பக்கம் நன்றாகச் சாய்க்க வேண்டும். சாய்த்தபோது முழங்கை வேலி தானாகத் தாளை விட்டு விலகிவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை.

அன்று மார்க்குகள் அப்படியே பொருந்தின. இரண்டு, மூன்றுக்கு மேல் வித்தியாசமே இல்லை. பரிசு வாங்கிய பிள்ளையைப் பார்த்துக் கூட்டத்தில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள்தான். ஆனால் இரண்டு நடுவர்கள் சொல்லிவைத்ததுபோல் ஒத்துப்போயிருக்கும்போது யார் வாயைத் திறப்பது? ரெங்கசாமி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று வீடு திரும்பியதும் குணபூசணி, "ஆர் நல்லாப் பாடினது?" என்று கேட்டார்.

கார்த்திகேசு யோசித்தார். ஒவ்வொரு பிள்ளையின் மார்க்கும் மனப்பாடமாக இருந்தது. ஆனால் எந்தப் பிள்ளை என்ன பாடியது என்று ஒன்றுகூட நினைவில்லை.

"பாட்டைக் கேக்க நேரம் கிடைக்கேல்லை," என்றார்.

குணபூசணி அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வைக்கு எத்தனை மார்க் என்று அவர் சொல்லவில்லை.

இனி மூன்றாவது விழா. முதலாவதில் தோல்வி, இரண்டாவதில் வெற்றி. ஆகவே இதில்தான் தலையெழுத்து நிர்ணயமாகும். அந்த முறையும் கிள்ளானில்தான். அந்த வருஷம் முதல் பரிசு வெறும் வெள்ளிக் கோப்பையோடு நிற்கவில்லை. பரிசு பெறும் பிள்ளையைச் சபையே பொறுப்பெடுத்துக் கோலாலம்பூரில் தங்கவைத்து, பள்ளிக்கூடத்திலும் சேர்த்து, பாட்டும் படிப்பிக்கும் என்று ஜெயராஜ் மாஸ்டர் மேடையில் அறிவித்தார். மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பின்பக்கம் ஜன்னல்களுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த தோட்டத்து ஆட்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து நின்றார்கள்.

கடைசிக்குச் சற்று முன்பாக ஒரு பெண் மேடைக்கு வந்தாள். மாரியாயி என்று பெயர் சொன்னார்கள். பத்துத் தீகா பக்கத்துத் தோட்டப் பள்ளியில் கடைசி வகுப்பு. யாருடைய பழைய பாவாடையையோ வெட்டித் தைத்த பச்சைப் பாவாடை, எண்ணெய் வழிய வாரிய தலை. சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள், சிரிக்கக்கூட இல்லை. நாதநாமக்கிரியையில் ஒரு தேவாரத்தை எடுத்தாள்.

முதல் அடி முடிவதற்குள் கார்த்திகேசுவின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. இது அவர் திட்டத்தில் இல்லாதது. பாதிப் பாட்டில், சுருதிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்த உதவி ஆசிரியர் வியர்வை துடைக்கக் கையெடுத்தவர் அப்படியே பாட்டில் மயங்கிப் பெட்டியை மறந்துவிட்டார். சுருதி நின்றுபோனது. அதற்கு முன்னால் பாடிய பிள்ளைகளாக இருந்தால் அந்த இடத்தில் தடுமாறி எங்கோ போய் விழுந்திருப்பார்கள். இவள் துணையில்லாமலே பாடிக்கொண்டு போனாள். ஆசிரியர் திடுக்கிட்டுப் பெட்டியை மறுபடி அழுத்தியபோது அந்தச் சுருதி வந்து இவள் குரலோடு ஒட்டிக்கொண்டது. இடையில் ஒரு மயிரிழை இல்லை. கார்த்திகேசுவுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு குரலைக் கேட்பதற்காகத்தான் ஆண்டவன் தனக்குக் குரலைக் கொடுக்காமல் காதை மட்டும் கொடுத்தான் என்று தோன்றியது.

பாட்டு முடிந்தது. பென்சில் தானாகத் தாளுக்குப் போய் எட்டு என்ற எண்ணின் மேல் வளைவைப் போட்டுவிட்டது. அப்போதுதான் அவருக்குத் தன் நிலைமை நினைவுக்கு வந்தது. சாய்ந்து மேசைக்கு அடியில் பார்த்தார். கட்டைவிரல் கிடந்தது. துளி அசைவில்லை. எண்பதுக்கு மேல் போட்டு, பெரியவர் ஐம்பதோடு நிறுத்திவிட்டால், இனி எந்தக் காலத்திலும் இந்த நாற்காலி இல்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அசைந்துவிடு, அசைந்துவிடு என்று அந்த விரலிடம் மனதுக்குள் மன்றாடினார். அது அசையவில்லை. தகுதி பெற்ற நடுவருக்குக் கேட்காத ஒன்று தனக்குக் கேட்டிருக்கிறது என்றால் தவறு தன் காதில்தான் இருக்க வேண்டும் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். அந்த மேல் வளைவை ஐந்தாக மாற்றி, பக்கத்தில் ஒரு இரண்டைப் போட்டார். ஐம்பத்திரண்டு.

அடுத்து ஒரு வாத்தியார் மகன் வந்தான். நடுவில் ஒரு அடி மறந்துபோய்க் கூட்டத்தில் இருந்த அக்காளைத் தேடினான். சுருதி ஒரு பக்கமும் இவன் ஒரு பக்கமுமாகப் போனார்கள். மேசைக்கு அடியிலோ கட்டைவிரல் கூத்தாடியது. கார்த்திகேசு எழுபத்தெட்டு போட்டார்.

தாள்கள் பொருந்தின. முன்பைவிட நன்றாகவே பொருந்தின: மாரியாயிக்கு ரெங்கசாமியும் ஐம்பத்திரண்டு, வாத்தியார் மகனுக்கு அவரும் எழுபத்தெட்டு. பையன் பெயரை முதல் பரிசுக்குக் கூப்பிட்டபோது அவனே நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். ஜெயராஜ் மாஸ்டர் கார்த்திகேசுவை மேடைக்கு அழைத்து, சிலாங்கூரின் இரண்டாவது தகுதி பெற்ற நடுவர் என்று கூட்டத்துக்கு அறிமுகம் செய்தார். கைதட்டினார்கள். பட்டுச் சின்னத்தை ரெங்கசாமியே தன் கையால் குத்திவிட்டார். எத்தனையோ நாள் கனவில் பார்த்த காட்சி. ஆனாலும் அந்தக் கைதட்டலில் ஜன்னல் ஓரத்துக்காரர்கள் சேராததை அவருடைய பாழும் காது கவனித்துவிட்டது.

அதற்குப் பிறகு பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. ரெங்கசாமி அவரைத் தாழ்வாரத்து ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய், தோளில் கையைப் போட்டு, இனி தனக்கு நிம்மதி என்றார். கார்த்திகேசு அடக்கமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இல்ல தம்பி, மெய்யாத்தான் சொல்றேன்," என்றார் ரெங்கசாமி. "தோட்டத்துல காய்ச்சலுக்கு கொயினா மாத்திர தின்னு தின்னு இந்தக் காது ரெண்டும் போச்சு. மூணு வருசமா உள்ளுக்குள்ள வண்டு கத்துற சத்தம்தான். பாட்டு ஒண்ணும் விழாது. வெளிய சொன்னா மானக்கேடு. மொத தடவ நீங்க தாள மறைச்சிட்டீங்க. எனக்கு என்னா போடுறதுன்னே தெரியல, கண்டபடி போட்டுட்டேன். பின்னால நீங்களே பெரிய மனசு பண்ணி கைய எடுத்துட்டீங்க. ஒங்களப் பாத்துதான் போட்டேன், போன வருசமும் இந்த வருசமும். தெரிஞ்சவரு போடுற மார்க்கு, தப்பா போயிருமா?"

கார்த்திகேசு கோப்பையைத் தட்டோடு கீழே வைத்தார். பிறகு குனிந்து ரெங்கசாமியின் காதருகே போய், அப்படியானால் கால்விரல் ஏன் ஆடுகிறது என்று கேட்டார். ஒருமுறைக்கு இருமுறை, சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது.

"அதுவா? எப்பவோ மண்வெட்டி விழுந்து நரம்பு கெட்டுப்போச்சு. அதுவா துடிக்கும், அதுவா நிக்கும். நான் சொன்னா கேக்காது லா," என்று சொல்லி ரெங்கசாமி சிரித்தார். நல்ல மனிதர். மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல் சிரித்தார்.

அப்படியென்றால் அன்று அந்த மண்டபத்தில் மெத்தை நாற்காலி இரண்டு இருந்தாலும் நடுவர் ஒருவர்தான் இருந்திருக்கிறார், அவர் கார்த்திகேசு. அவர் எண்பத்தைந்து போட்டிருந்தால் ரெங்கசாமியும் எண்பத்தைந்துதான் போட்டிருப்பார். மாரியாயி கோலாலம்பூருக்குப் போயிருப்பாள்; இவருக்கும் இதே சின்னம் கிடைத்திருக்கும். தான் கேட்டதை எழுதியிருந்தால் தனக்கு எந்த நஷ்டமும் வந்திருக்காது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தப்புச் செய்து ஆதாயம் அடைந்தவனுக்காவது ஒரு சமாதானம் உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

உடனே போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டார். ஜெயராஜ் மாஸ்டர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அங்கே போட்டோ பிடிக்க ஏற்பாடாகியிருந்தது. இவரைக் கண்டதும், வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று கையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் ரெங்கசாமி, மறுபக்கம் கோப்பையோடு வாத்தியார் மகன். இப்போது சொன்னால் அந்தக் கிழவரின் மானம் போகும். பையன் கையில் இருப்பதைப் பிடுங்க வேண்டும். சட்டையில் இருப்பதையும் கழற்ற வேண்டும். கார்த்திகேசு வாயைத் திறந்தார். கறுப்புத் துணிக்குள்ளிருந்து போட்டோக்காரர் யாரும் அசையக் கூடாது என்று சொன்னார். அவர் அசையவில்லை. அந்தப் படம் குவாட்டர்ஸ் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது. எல்லாரிலும் தெளிவாக விழுந்திருப்பது அவர்தான்.

சாயங்காலம் கிள்ளான் ஸ்டேஷனில் கோலாலம்பூர் வண்டிக்காகக் காத்திருந்தார். பிளாட்பார்ம் கோடியில் ஒரு ஆளும் ஒரு சிறுமியும் குந்தியிருந்தார்கள். பச்சைப் பாவாடையைக் கண்டதும் இவருக்குத் திக்கென்றது. பத்துத் தீகாவுக்கும் அதே வண்டிதான் என்பது ரயில்வேக்காரரான அவருக்குத் தெரியாததல்ல, நினைத்துப் பார்க்கவில்லை. குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். அதற்குள் அந்த ஆள் எழுந்து வந்து, நாலு முழத் தூரத்தில் நின்று கும்பிட்டான். தம்புசாமி, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவன். சட்டையில் ரப்பர்ப் பால் கறை காய்ந்திருந்தது. மகளுக்குத் துணையாக வந்தவன், மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டிருந்தான்.

"இருங்கோ," என்றார் கார்த்திகேசு, தாம் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டி. தோட்டத்து ஆட்களை அவர் அதுவரை அப்படி அழைத்ததில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னதும் இல்லை. தம்புசாமி வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தான். இவர் விடவில்லை, ஏறக்குறைய கெஞ்சினார். கடைசியில் அவன் பெஞ்சின் மறுகோடியில், பாதி உடம்பு வெளியே இருக்க, பட்டும் படாமலும் உட்கார்ந்தான். மாரியாயி சற்றுத் தள்ளி நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குள் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். இப்போதும் இம்மியும் பிசகவில்லை.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது," என்றான் தம்புசாமி. "தீர்ப்புக்கு எதுத்துப் பேசல. நீங்கள்ளாம் தெரிஞ்சவங்க. எங்களுக்கு என்னா தெரியும். இந்தப் புள்ள பாட்டுல என்னா கொறன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, அடுத்த வருசத்துக்குள்ள அத சரி பண்ணிக்குவோம்."

அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் மட்டுமே பாடலாம் என்பது ஜெயராஜ் மாஸ்டர் விதிகளில் முதலாவது. மாரியாயி இருப்பது தோட்டப் பள்ளியின் கடைசி வகுப்பு. சில வாரங்களில் அவளும் தகப்பனோடு பால் வாளி தூக்கப் போய்விடுவாள். விதிகளை மனப்பாடமாக வைத்திருந்த கார்த்திகேசுவுக்கு அது தெரியும். தம்புசாமிக்குத் தெரியாது. குறை ஒன்றும் இல்லை, உன் மகளைப்போல் நான் கேட்டதே இல்லை, அவளுக்கு ஐம்பத்திரண்டு போட்டது நான்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. உதடுகள் பிரிந்தன. ஆனால் தீர்ப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால் அவர் கண்கள் இப்போது முதலில் எங்கே போகுமோ அங்கேயே போயின. அவை மெல்லத் தாழ்ந்து, பெஞ்சின் மறுகோடியில், செம்மண் படிந்து வெடித்திருந்த தம்புசாமியின் வெறும் காலில், கட்டைவிரலில் போய் நின்றன.

தம்புசாமி அந்தப் பார்வையைக் கண்டான். இரண்டு கால்களையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டான்.